பஞ்சும் கட்டையும்

யுத்தம் முடிந்த மறுவருஷம், மோட்டார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இன்சூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது சொந்தக் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் ஒன்று நான். முன்சீப் கோர்ட்டில் வக்கீல். வீட்டில் போட்ட வெற்றிலையைக் கோர்ட்டு வாசலில் துப்பலாம், அவ்வளவுதான் தூரம். இந்த மனுஷனுக்குக் கார் எதற்கு என்று சக வக்கீல்கள் கேட்டுச் சிரிப்பார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது.

கோர்ட்டுக்குப் போக நான் கார் வாங்கவில்லை. மனைவி இறந்தபின் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கினேன். பிள்ளை குட்டி கிடையாது. மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு ராஜபாளையம் வரை ஓட்டிப் போவேன். அங்கே ஒரு காப்பி கிளப்பில் காப்பி குடிப்பேன். திரும்பி வருவேன். யுத்தத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த பிறகு அதுவும் வாரத்துக்கு ஒரு நாள்தான். மற்ற நாட்களில் காரைத் துடைப்பேன். பக்கத்து சீட்டில் என் கோட்டும் குடையும் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை.

என் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவன் எனக்கு மூன்று வயது இளையவன். ராஜபாளையத்தில் பஞ்சு கமிஷன் வியாபாரம் செய்தான். அப்பா கட்டிய வீட்டின் வடபாதியில் அவன், தென்பாதியில் நான். நடுவில் சுவர். அந்தச் சுவர் அப்பா கட்டியதில்லை, கோர்ட்டு கட்டியது. அப்பா போனதும் பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பின்பக்கத்துக் கிணறு யாருக்கு என்பதில் ஆரம்பித்தது. கிணறு இருவருக்கும் பொது என்றே கடைசியில் தீர்ப்பானது, ஆனால் அதற்குள் பெரிய கூடத்தின் நடுவில் சுவர் எழும்பிவிட்டது.

என் வழக்கை நானே வாதாடினேன். கூண்டில் நின்ற தம்பியை நானே குறுக்கு விசாரணை செய்தேன். சின்ன வயதில் அவன் என்னிடம் மட்டும் சொன்ன சில விஷயங்களை வைத்து, ஊர் பார்க்க அவனை அழ வைத்தேன். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். நான் தம்பி மேலேயே படையெடுத்தவன். என் தொழிலில் நான் வெட்கப்பட வேண்டிய நாள் அது ஒன்றுதான், ஆனால் அது ஒன்றே போதும்.

அதன்பின் ஒன்பது வருஷம் எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. அவன் மனைவி இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் கடைசி ஆளாக நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். பேசவில்லை. ஒரே கோயிலுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை போவோம். எங்கள் ஊரில் கோயில் என்றால் வேறு நினைப்பீர்கள், நான் சொல்வது மாதா கோயிலும் இல்லை, எங்கள் புராட்டஸ்டண்டு மிஷன் கோயில். மாதம் ஒரு ஞாயிறு அப்பமும் திராட்சரசமும் தரும் இராப்போஜனத்துக்கு, மனதில் சண்டை வைத்துக்கொண்டு எழுந்து போகக் கூடாது என்பது வழக்கம். ஆகவே அந்த ஞாயிறுகளில் வலது பக்க பெஞ்சில் ஒருவனும் இடது பக்க பெஞ்சில் ஒருவனும் உட்கார்ந்தபடியே இருப்போம். சபையே பார்க்கும்.

பேச்சு இல்லை என்றேனே, முழுக்க இல்லாமலும் இல்லை. எங்கள் பக்கத்தில் சாடை என்று ஒன்று உண்டு. பேசாத இருவர் ஒருவருக்கொருவர் எதையாவது தெரிவித்தாக வேண்டும் என்றால், ஆளைப் பார்க்காமல் கோழியையோ மாட்டையோ காக்காயையோ பார்த்துச் சத்தமாகச் சொல்வார்கள். காதில் விழ வேண்டியவர் காதில் விழும். மாமியார் மருமகள் இல்லாத வீட்டில்கூட எங்கள் ஊரில் சாடை உண்டு. நான் என் காரிடம் பேசுவேன். தம்பி அவன் வளர்த்த வெள்ளாட்டிடம் பேசுவான். பின்பக்கம் இடுப்புயரக் குட்டிச்சுவர்தான், நன்றாகக் கேட்கும்.

"ஏ வண்டி, கிணத்துல தண்ணி கீழே போயிட்டு. சில பேருக்குத் தோட்டத்துக்கு ரெண்டு நேரமும் இறைக்கணும்போல."

"ஏட்டி, நாளையிலேருந்து ஒரு நேரந்தான் இறைப்பாகளாம்னு சொல்லிரு."

இப்படி நான் வண்டியிடம், அவன் ஆட்டிடம். இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் படித்திருப்பீர்கள். ஒன்பது வருஷமும் நாங்கள் ஒருவருக்கொருவர் படர்க்கையாகவே இருந்தோம். 'நீ' என்ற சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் செத்துப் போயிருந்தது.

இன்சூரன்ஸ் ஏஜெண்டு ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எதைச் சொன்னாலும் முதலில் "அவுனு, அவுனு" என்று தலையாட்டி ஆமோதித்துவிட்டுத்தான் மறுத்துப் பேசுவார். தோல் பையிலிருந்து விண்ணப்பப் பாரங்களை எடுத்து மேஜையில் பரப்பினார்.

"அய்யா, முதல் ஆள் நீங்க. ரெண்டாவது ஆள் எங்க கம்பெனி. ரோட்டுல போற வார சனம் யாரா இருந்தாலும் மூணாம் மனுஷன். நம்ம வண்டி மூணாம் மனுஷன் மேல மோதிட்டா அதுக்குக் கம்பெனி பொறுப்பு. சட்டம் கட்டாயம்னு சொல்லுறது அம்புட்டுத்தான்."

"வண்டிக்குள்ள உக்காந்திருக்கவன்?"

"அவுனு, நல்ல கேள்வி. அவரு மூணாம் மனுஷன் இல்லைங்க. வண்டியில ஏறிட்டா அவிய நம்ம மனுஷங்க. அவியளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இதுல வராது. தனியா எழுதணும். எழுதிரட்டுமா?"

நான் பக்கத்து சீட்டை நினைத்துப் பார்த்தேன். "வேண்டாம். யாரு ஏறப் போறா?" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வேறு பாரத்தை எடுத்தார். வண்டி கவிழ்ந்தால், தீப்பிடித்தால், திருட்டுப் போனால், கண்ணாடி உடைந்தால் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். அத்தனைக்கும் சரி என்றேன். கண்ணாடிக்கும் மட்கார்டுக்கும் பாதுகாப்புத் தேடிக்கொண்டு, உட்காரும் மனிதனுக்கு மட்டும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவன் நான். அப்போது அது சிக்கனமாகத் தோன்றியது.

கார் விஷயம் முடிந்ததும் அவர் பேச்சை வீட்டுக்குத் திருப்பினார். "இம்புட்டு நல்ல வீடு. தேக்கு உத்திரம். இதுக்கும் தீ பாலிசி ஒண்ணு எடுத்துருங்க." எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. தனி ஆள், ஒரு அடுப்பு, நூறு சட்டப் புஸ்தகம், எண்ணெய் விளக்கு. ஏதாவது ஆனால் அப்பா கட்டிய பாதியாவது எனக்குத் திரும்ப வேண்டும். எழுதும் என்றேன்.

அவர் எழுந்து நின்று மேலே பார்த்தார். உத்திரம் என் பக்கத்திலிருந்து சுவரின் மேலாக அந்தப் பக்கம் போவதை விரலால் காட்டினார். சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி இருந்தது.

"சுவரால வீட்டைப் பிரிச்சிட்டீங்க. உத்திரத்தைப் பிரிக்கலையே அய்யா. கோர்ட்டு தீர்ப்பு தீக்குத் தெரியாதுல்லா. பொதுச் சுவரை ஒட்டி அந்தப் பக்கம் என்ன கெடக்குன்னு இங்க ஒரு கேள்வி இருக்கு. தம்பி அவிய பஞ்சு வியாபாரியாச்சே, மூட்டை ஏதும் போடுதாவளோ? பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல வைக்கலாமா? நான் வேணா ஒரு எட்டுப் போயிக் கேட்டுட்டு வாரேன்."

"வேண்டாம். நான் கேட்டுச் சொல்லுதேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எப்படிக் கேட்பது என்ற யோசனை வந்தது. அவர் போயிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஒன்பது வருஷமாக என் தம்பி வீட்டு வாசல்படியை மிதிக்காத நான், ஏஜெண்டு மிதிப்பதைப் பொறுக்கவில்லை. வீம்புதான், வேறென்ன.

மறுநாள் காலை காரைத் துடைக்கப் போனேன். தம்பி குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தான். அவன் மெலிந்திருந்தது கண்ணில் பட்டது. வியாபாரத்தை விட்டுவிட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது, நான் விசாரிக்கவில்லை. பஞ்சுத் தூசியில் முப்பது வருஷம் நின்ற நெஞ்சு, இருமல் மட்டும் ஓயாது. அந்த இருமல் சுவருக்கு மேலாக ஓட்டு வழியே என் அறைக்குள் வரும். அதைக் கேட்டுத்தான் நான் தூங்கப் போவேன். சனியன், இருமிக்கொண்டே இருக்கிறான் என்று திட்டுவேன். திட்டிவிட்டுத் தூங்கிவிடுவேன்.

மட்கார்டைத் துடைத்தபடி கேட்டேன். "ஏ வண்டி, இன்சூரன்சுக்காரன் கேக்கான். பொதுச் சுவரை ஒட்டுன ரூம்புல சில பேரு என்ன போட்டு வச்சிருக்காகன்னு நமக்கென்ன ஜோசியமா தெரியும்? சொன்னா எழுதலாம்."

தம்பி தவிட்டுத் தண்ணீரைக் கையால் கலக்கிக்கொண்டே இருந்தான். பிறகு ஆட்டின் கழுத்தைத் தடவியபடி சொன்னான்.

"ஏட்டி, சுவரை ஒட்டி என்ன கெடக்கப் போகுது? கொஞ்சம் பஞ்சு கெடக்கு. பொறவு ஒரு கட்டை கெடக்கு. உளுத்த கட்டை. வேற ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கிடச் சொல்லு."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். முகத்தில் ஒரு சிரிப்பு மாதிரி இருந்தது. நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருக்கிறேன். அந்தப் பக்கம் பஞ்சும் உளுத்த மரமும் போட்டு அடைத்திருக்கிறான். அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். உள்ளே போய்ப் பாரத்தை எடுத்து, பொதுச் சுவரை ஒட்டிப் பஞ்சும் மரக்கட்டையும் இருப்பில் உள்ளன என்று இங்கிலீஷில் எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

கம்பெனி பதில் பத்து நாளில் வந்தது. காருக்குப் பாலிசி வந்துவிட்டது. வீட்டுக்கு, அந்தச் சரக்கு அகற்றப்படும் வரை பாலிசி தருவதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் நேரே போய்க் கதவைத் தட்டியிருப்பான். நான் வக்கீல். என் சொந்தத் தம்பிக்கு, பத்தடி தள்ளி இருப்பவனுக்கு, ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பொதுச் சுவரை ஒட்டித் தாங்கள் போட்டு வைத்திருக்கும் பஞ்சையும் கட்டையையும் பதினைந்து நாளைக்குள் அப்புறப்படுத்த வேண்டியது, தவறினால் அவற்றால் விளையும் சகல நஷ்டங்களுக்கும் தாங்களே ஜவாப்தாரி. தமிழிலேயே எழுதினேன், அவனுக்குப் புரியட்டும் என்று. 'தாங்கள்' என்று எழுதியதில் ஒரு திருப்தி இருந்தது.

தபால்காரர் என் வாசலைத் தாண்டி அவன் வாசலில் சைக்கிளை நிறுத்துவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து, அவன் கையெழுத்திட்ட அக்னாலெட்ஜ்மெண்டு அட்டை எனக்கு வந்தது. ஒன்பது வருஷத்தில் அவனிடமிருந்து எனக்கு வந்த எழுத்து அது ஒன்றுதான். கையெழுத்தின் கடைசியில் ஒரு சுழி போடுவான், நான்தான் பள்ளிக்கூட நாளில் அப்படிப் போடச் சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சுழி இன்னும் இருந்தது.

அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இழுப்பு, பிறகு இருமல், மறுபடி இழுப்பு. ரொம்ப நேரம் ஆயிற்று. நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். தொலைந்தது சனியன், நோட்டீஸ் வேலை செய்கிறது என்று நினைத்தேன். எழுந்து போய் ஒரு கை கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றியது என்று இப்போது பொய் சொன்னால் எனக்கு நல்லதுதான், ஆனால் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவன் ஆட்டிடம் சொன்னான். "ஏட்டி, கட்டையை எடுத்தாச்சுன்னு சொல்லிரு. முன்பக்கத்து ரூம்புல போட்டாச்சு. இனி யாருக்கும் இடைஞ்சல் இல்லை."

நான் காரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்த கட்சிக்காரன் ஏன் பேச வேண்டும்?

அன்றிலிருந்து எனக்கு ராத்தூக்கம் போயிற்று. ஏன் என்று பிடிபடவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான், இருமல் சத்தம் கேட்கவில்லை என்பது உறைத்தது. குணமாகிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். சாட்சியின் செருப்பளவை வைத்து அவன் பொய்யைப் பிடித்தவன் என்று எனக்கு இந்த ஜில்லாவில் பெயர். சுவரை ஒட்டி இருந்தது எடுக்கப்பட்டது, அன்றே இருமலும் நின்றது. இரண்டையும் சேர்த்து ஒரு கேள்வி கேட்க எனக்குத் தெரியவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது பெரிய ஆட்களுக்குச் சொல்வது, என்னைப் போன்ற முட்டாளுக்கு அதுவும் பொருந்தாது.

ஏஜெண்டிடம், சரக்கை எடுத்தாகிவிட்டது, பாலிசியை அனுப்பலாம் என்றேன். "அவுனு, அவுனு. ஆனா நான் ஒரு தடவை அந்தப் பக்கம் போயிப் பாத்து எழுதணும்" என்றார். அதற்கு நான் தம்பியின் சம்மதம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. வீட்டுப் பாலிசி அப்படியே நின்றது.

இரண்டு மாதம் போனது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் ஆடு கத்தத் தொடங்கியது. முதலில் மழைக்குக் கத்துகிறது என்று விட்டேன். எட்டு மணிக்கும் கத்தியது, ஒன்பது மணிக்கும் கத்தியது. பால் கறக்காமல் மடி கட்டிய ஆட்டின் கத்தல் வேறு மாதிரி இருக்கும். குட்டிச்சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். தவிட்டு வாளி காலியாகக் கிடந்தது. பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"ஏ வண்டி, ஆடு கத்துதுன்னு சில பேருக்குக் கேக்கலையா?" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகக் கேட்டேன். அப்போதும் இல்லை. குட்டிச்சுவரைத் தாண்டி, ஐம்பத்தாறு வயதில், ஜன்னல் கம்பியைப் பெயர்த்துத் தாழை நீக்கி உள்ளே போனேன்.

பொதுச் சுவரை ஒட்டிய அறையைத்தான் முதலில் தாண்ட வேண்டும். காலியாக இருந்தது. பஞ்சுத் துணுக்கோ மரத்தூளோ எதுவும் இல்லை. சிமெண்டுத் தரையில் கட்டில் கால் பதிந்த தடம் நாலு. என் சுவரில், படுத்தால் தலை இருக்கும் உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. சுவருக்கு என் பக்கத்தில் என் தலையணையும் அதே இடத்தில்தான் இருக்கும். பார்த்தேன். ஆனால் நின்று யோசிக்க அப்போது நேரமில்லை.

தம்பி தெருப்பக்கத்து அறையில் கட்டிலில் கிடந்தான். உடம்பு கொதித்தது. மூச்சு இழுத்தது. என்னைப் பார்த்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடனே மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். இரண்டு பேராகத் தூக்கிக் கொண்டுவந்தோம். கனமே இல்லை. பின் சீட்டில் படுக்க வைக்கலாம் என்றார் டாக்டர். தம்பி தலையை அசைத்து முன் சீட்டைக் காட்டினான். கோட்டையும் குடையையும் எடுத்துப் பின்னால் எறிந்தேன். அந்த சீட்டில் உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். வண்டியில ஏறிட்டா அவிய நம்ம மனுஷங்க என்று ஏஜெண்டு சொன்னது ஞாபகம் வந்தது. அப்படி ஏறுகிறவருக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டதும் கூடவே ஞாபகம் வந்தது.

கிருஷ்ணன்கோவில் தாண்டினால் அன்றைக்கு ரோடு ரோடாக இராது. மழையில் சரளை அரித்துப் போய்ப் பள்ளமும் மேடுமாக இருந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது தம்பி முனகினான். பிறகு டாஷ்போர்டின் மேல் கையை வைத்து, ஆட்டைத் தடவுவதுபோலத் தடவி, என் காரிடம் பேசினான்.

"ஏ வண்டி, செத்த மெள்ளப் போ. இந்தக் கட்டை தாங்காது."

எங்கள் ஊரில் வயதானவர்கள் தங்கள் உடம்பைச் சொல்லும் சொல் அது. இந்தக் கட்டை சாயுறதுக்குள்ள, இந்தக் கட்டை கிடக்கிற வரைக்கும் என்பார்கள். பிறந்தது முதல் கேட்ட சொல். நான் வண்டியை நிறுத்திவிட்டேன். கொஞ்சம் பஞ்சு கிடக்கு, பொறவு ஒரு கட்டை கிடக்கு, உளுத்த கட்டை. பஞ்சு மெத்தை. அதன்மேல் அவன். மனைவி போன பிறகு கட்டிலை என் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றி ஒரு விஷயத்தை, நாங்கள் பேசும் அந்தப் பாஷையில் என்னிடம் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டுச் சிரித்துப் பார்த்திருக்கிறான். அதற்கு நான் பதினைந்து நாள் கெடு வைத்து நோட்டீஸ் கொடுத்தேன், கட்டையை அப்புறப்படுத்து என்று. அவன் தானே இழுத்துக்கொண்டு போனான்.

மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. 'ஏலே, தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்லே' என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். கோர்ட்டில் மணிக்கணக்காகப் பேசுகிற வாய்.

"ஏ வண்டி," என்றேன். "மெள்ளத்தான் போகும்னு சொல்லு. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதட்டில் அதே சிரிப்பு. இந்தத் தடவை அது கேலி இல்லை என்று தெரிந்தது. அழுதுகொண்டே ஓட்டினேன். கல்லுப்பட்டி வரை அழுதேன்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிற நர்ஸம்மா கேட்டாள். "நீங்க அவியளுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்" என்றேன். தீர்ப்பில் நாங்கள் வாதி, பிரதிவாதி. ஒன்பது வருஷமாக என் வாயில் வராத உறவு.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த தம்பி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். "அண்ணந்தான்" என்றான். அவளிடம்தான் சொன்னான். அப்போதும் படர்க்கைதான். ஆனாலும் சொன்னான்.

மூன்றாம் நாள் விடிந்தபோது அவன் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் இந்தத் தடவை முதல் ஆளாக நின்றேன். தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்ட அவன் மகள் வந்திருந்தாள். கிளம்பும்போது, "பெரியப்பா, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த இராப்போஜன ஞாயிறு வந்தது. இனி எனக்குச் சண்டைக்காரர் யாரும் இல்லை. எழுந்து போகலாம். சபையே என்னைப் பார்த்தது. வலது பக்க பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

மறுவருஷம் காருக்குப் புதுப்பிக்க ஏஜெண்டு வந்தார். ஏறுகிறவருக்கும் சேர்த்து எழுதும் என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் எழுதினார். பிறகு வீட்டுப் பாரத்தையும் எடுத்து, அந்தப் பக்கத்தைப் பார்க்கலாமா என்றார். சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வழியாகவே கூட்டிப்போனேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையைப் பார்த்தார், உத்திரத்தைப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வெள்ளை அடிச்சிருங்க" என்றார்.

திரும்பி வந்து என் மேஜையில் உட்கார்ந்து படித்தார். "பொதுச் சுவரை ஒட்டி அடுத்த பக்கம் என்ன இருக்குன்னு கேட்டிருக்கு. போன தடவை பஞ்சும் கட்டையும்னு எழுதியிருந்தீங்க. இப்ப ஒண்ணும் இல்லைன்னு எழுதிரலாமா?"

"நானே எழுதுதேன்" என்று பாரத்தை வாங்கிக்கொண்டேன். 'ஒன்றும் இல்லை' என்று எழுத நேரம் ஆயிற்று. அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"இனி ஆபத்தே கிடையாதுங்கய்யா. கம்பெனி கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்துரும்" என்றார்.

சொன்னபடியே பாலிசி ஒரு வாரத்தில் வந்தது. அந்தச் சுவருக்கு நான் வெள்ளை அடிக்கவில்லை. ஆடு இப்போது என்னிடம் இருக்கிறது. காலையில் தவிட்டுத் தண்ணீர் வைக்கும்போது அதனிடம் ஒன்றும் சொல்வதில்லை. மத்தியானம் கோர்ட்டு இல்லாத நாட்களில் தம்பி வீட்டைத் திறந்து, அந்த நாலு தடத்துக்கு நடுவில் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறேன். தலையை அந்தப் பிசுக்கின் பக்கம் வைத்துக்கொண்டு, "ஏலே, நீ சாப்பிட்டியா?" என்று அவனையே கேட்கிறேன்.